வைக்கோல் கானும் வெள்ளை ரயிலும்

கோன்ஸ்க் நகரத்து மக்கள் வருடத்துக்கு ஒருமுறை ஒரு மங்கோலிய அரசனைக் கொளுத்துவார்கள். பதற வேண்டாம், வைக்கோல் அரசன்தான். ஜூன் மாதத்தில் ஊரின் பிறந்தநாள் வரும். அன்றைக்குச் சதுக்கத்தின் நடுவில் இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கானை நிறுத்தி, நரித்தோல் தொப்பி மாட்டி, மீசை வைத்து, ஆண் பெண் எல்லாரும் வரிசையில் வந்து ஆசை தீரத் திட்டிவிட்டுத் தீ வைப்பார்கள். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னால் மங்கோலியப் படை வந்து தங்கள் அழகான ஊரைச் சாம்பலாக்கிவிட்டதாம், அதற்குப் பழி. ரஷ்யாவில் அப்படி எரிந்த ஊர்கள் எத்தனையோ உண்டு. ஆனால் இவ்வளவு காலம் கழித்தும் கோபத்தைச் சூடு ஆறாமல் வைத்திருக்கும் ஊர் நம்முடையதுதான் என்று கோன்ஸ்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அந்தக் கோபத்துக்கு அறிவியல் முத்திரை குத்தித் தரத்தான் கோவில்பட்டி மங்கையர்க்கரசி பெட்டி பெட்டியாக ஓர் இயந்திரத்தோடு அங்கே போய் இறங்கினாள். இறங்கினாள் என்று சொல்வதுகூடத் தவறு. மாஸ்கோவிலிருந்து கசானுக்குப் போகும் வெள்ளை ரயில் கோன்ஸ்க் வழியாகத்தான் ஓடுகிறது, ஆனால் அங்கே நிற்பதில்லை. ஊரின் பழைய நடைமேடை ஜன்னலில் ஒரு நொடி தெரிந்து மறைந்தது. அடுத்த ஜங்ஷனில் இறங்கி, மண் சாலையில் குலுங்கிக் குலுங்கி, ஒரு ரொட்டி வண்டியில் அவள் திரும்பி வந்து சேர்ந்தாள்.

வண்டியை ஓட்டியவர் ஊரின் ரொட்டிக்காரர் மிர்காசிம். தாதார் இனத்தவர். கானோடு வந்து தங்கிவிட்ட கூட்டம் என்று மற்றவர்கள் அவரைக் கேலி செய்வது வழக்கம். வருடாவருடம் அந்த வைக்கோல் கானைச் செய்து கொடுப்பதும் அவர்தான் என்று கேட்டதும் மங்கைக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"நீங்களே செய்யிறீங்களா? மனசுக்குக் கஷ்டமா இல்லையா?"

"எங்க ஆளுன்னு சொல்லித்தானே எரிக்கறாங்க? அப்போ பாக்க லட்சணமாவாவது இருக்கட்டுமேன்னு நானே செய்யறேன். அவங்க கையில விட்டா பூசணிக்காய தலையா வச்சிருவாங்க" என்றார் மிர்காசிம்.

மங்கைக்குத் தங்க இடம் கொடுத்தவள் ஊர்த்தலைவி கபிதோலினா யெகோரவ்னா. பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துச் சொல்வதுதான் அங்கே மரியாதை. மங்கைக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. இரண்டாம் நாளே 'அம்மா' என்று சுருக்கிவிட்டாள். பதிலுக்கு அந்த அம்மாளும் மங்கையர்க்கரசியை 'மங்கச்கா' ஆக்கிவிட்டாள். கணக்கு நேராகிவிட்டது.

கபிதோலினா நல்ல ஆகிருதி. சிரித்தால் சன்னல் கண்ணாடி அதிரும். இளமையில் ரயில் ஓட்டியவள். ரயில்கள் தாமாகவே ஓடக் கற்றுக்கொண்ட பிறகு ஓட்டுநர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். சும்மா இருக்கத் தெரியாதவள் தேர்தலில் நின்று ஊர்த்தலைவியானாள். அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான்: வெள்ளை ரயில் கோன்ஸ்கில் நிற்க வேண்டும். ரயில் நிற்காமல் போனதிலிருந்து ஊர் தேய்ந்துகொண்டே வந்தது. மருத்துவர் வருவதை நிறுத்திவிட்டார். கல்யாணமான கையோடு இளசுகள் மூட்டை கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் ஆளைத் தவிர மற்ற எல்லாம் குறைந்துபோயிற்று.

ஒரே ஒரு வழி இருந்தது. மங்கோலியர் வருவதற்கு முன்பே இருந்த ஊர் என்றால் அதற்குப் 'புராதன நகரம்' என்று அந்தஸ்து உண்டு. புராதன நகரத்தில் ரயில் கட்டாயம் நின்றே ஆக வேண்டும், சட்டம் அப்படி. அதை நிரூபிக்கத்தான் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றின் இயந்திரம் வரவழைக்கப்பட்டது. அதற்கு 'இல்லையேல்' என்று பெயர்.

"இது என்னதான் பண்ணும், மங்கச்கா? எனக்குப் புரியற மாதிரி சொல்லு. நான் ரயில் ஓட்டினவ, ராக்கெட் ஓட்டினவ இல்ல" என்றாள் கபிதோலினா, சூப் பானையைக் கிண்டிக்கொண்டே.

"இந்த சூப்புல பீட்ரூட் போடலேன்னு வச்சுக்கோங்கம்மா. என்ன ஆகும்?"

"சூப்பே ஆகாது."

"ஏதோ ஒண்ணு ஆகும்லா? வேற நிறம், வேற ருசி. அத சமைக்காமலே முன்கூட்டிக் காட்டுத மிஷின் இது. உங்க ஊரு மண்ணு, பழைய மரக்கட்டை, மண்ணுக்குள்ள கிடக்குத பூந்தூளு, எலும்பு, பழைய பாதை எல்லாத்தையும் உள்ள குடுத்தாச்சு. 'மங்கோலியர் வரவே இல்லை'ன்னு சொன்னா, அவங்க வராம இருந்திருந்தா இந்த இடம் இன்னைக்கு எப்படி இருக்கும்னு கணக்குப் போடும். போட்டுட்டு சும்மா விடாது. வெளிச்சத்தாலயே அதை முழு அளவுக்குக் கட்டி நிறுத்தும். பட்டப்பகல்லயும் தெரியும். கைய நீட்டித் தொட்டாத்தான் ஒண்ணுமில்லன்னு தெரியும்."

கபிதோலினாவின் கண்கள் விரிந்தன. "அப்போ எங்க கோட்டை? எங்க தங்கக் கோபுரங்க?"

"எல்லாம் சதுக்கத்துல வந்து நிக்கும்மா."

கபிதோலினா கரண்டியைப் போட்டுவிட்டு மங்கையைக் கட்டிக்கொண்டாள். மங்கைக்கு விலா எலும்பு நொறுங்காதது ஆச்சரியம். இந்தப் பெண்மணிக்காக எதையும் செய்யலாம் என்று அந்த நிமிடமே அவளுக்குத் தோன்றிவிட்டது. அம்மா இல்லாமல் வளர்ந்த பெண். சோறு போட்டுக் கட்டியும் பிடித்துக்கொண்டால் கேட்கவா வேண்டும்.

விழாவுக்கு முந்தைய நாள் காலை, பள்ளிக்கூடத்து விளையாட்டுக் கூடத்தில் மங்கை ஒத்திகை பார்த்தாள். ஊரை மேசை அளவுக்குச் சுருக்கி, மங்கோலியர் ஆட்சியை நீக்கச் சொல்லி இயந்திரத்தை முடுக்கினாள். மேசையின்மேல் மெல்ல வெளிச்சம் முளைத்தது. வெள்ளைப் பட்டை உரியும் பிர்ச் மரங்கள். ஊசியிலை ஃபிர் மரங்கள். நடுவில் ஓர் ஆறு. வேறொன்றும் இல்லை.

எங்கோ தவறு என்று நினைத்து மறுபடி ஓட்டினாள். மறுபடியும் காடு. இந்தத் தடவை விரல் நகம் அளவுக்கு ஒரு கரடி வந்து, ஊர்மன்றம் இருக்க வேண்டிய இடத்தில் நின்று மரத்தில் முதுகைச் சொறிந்துகொண்டு போனது.

பிறகு எதையும் நீக்காமல், நடந்த கதையையே நடந்தபடி ஓட்டிப் பார்த்தாள். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. மங்கோலியர் வந்த காலத்தில் அங்கே எரிப்பதற்கு ஒரு குடிசைகூட இல்லை. ஆற்றைக் கடக்கத் தோதான துறை மட்டும்தான் இருந்தது. நாடு கைக்கு வந்தபின் கானின் தூதர்கள் காற்றாய்ப் பறக்க வேண்டுமே, அதற்காகச் சாலை நெடுகக் குதிரை மாற்றும் சாவடிகளை அவர்கள் நிறுவினார்கள். துறையோரம் ஒரு சாவடி எழுந்தது. அந்தச் சாவடிதான் வளர்ந்து வளர்ந்து கோன்ஸ்க் ஆயிற்று.

"என்னடி இது, கொள்ளி வச்சதே பெத்த அப்பனுக்கா!" என்று மங்கை வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

"யாருக்குக் கொள்ளி?" வாசலில் கபிதோலினா நின்றிருந்தாள். பின்னால் மிர்காசிம், கையில் கானின் ஒரு காலோடு.

மறைக்க மங்கைக்கு மனம் வரவில்லை. மேசையைக் காட்டினாள். காட்டைக் காட்டினாள். கரடியையும் காட்டினாள். பிறகு சாவடியின் கதையைச் சொன்னாள்.

"இருக்கவே இருக்காது" என்றாள் கபிதோலினா. "எங்க அருங்காட்சியகத்துல கருகின உத்தரம் ஒண்ணு இருக்கு. மங்கோலியன் எரிச்சது. நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப தொட்டுப் பாத்திருக்கேன்."

"அது நெருப்புதாம்மா, சந்தேகமே இல்ல. ஆனா மரத்தோட வளையத்த எண்ணிப் பாத்தா, அது கான் போயி ரொம்ப காலத்துக்கு அப்புறம் எரிஞ்சது. பக்கத்துல வைக்கோல் சாம்பலும் நரித்தோலும் கிடைச்சிருக்கு." மங்கை தயங்கினாள். "விழாவுல பொம்மைய எரிக்கப் போயி, தெரு பத்திக்கிட்டு எரிஞ்சிருக்கு."

மிர்காசிம் தன் கையிலிருந்த காலைப் பார்த்தார்.

"அப்போ இத்தன வருஷமா நான் உங்க கொள்ளுத் தாத்தாவயா கட்டிக் குடுத்தேன்? சொல்லியிருந்தா இன்னும் நல்ல மீசையா வச்சிருப்பேனே!"

கபிதோலினாவுக்கு முதலில் மூக்கு துடித்தது. அப்புறம் தோள் குலுங்கியது. அப்புறம் அவள் சிரித்த சிரிப்பில் கூரையில் இருந்த புறாக்கள் பறந்து போயின. மூன்று பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்கள். ரயில் கனவு கைநழுவிப் போகிறது என்று தெரிந்துகொண்டே சிரித்தார்கள்.

சிரிப்பு ஓய்ந்ததும் கபிதோலினா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "சாவடி கட்டினவங்க யாரு? மங்கோலியனா வந்து மரம் அறுத்தான்?"

"இல்லம்மா. தெக்க ரியாசான் பக்கம் எரிஞ்ச ஊருங்கள்லேருந்து பிடிச்சிட்டு வந்த தச்சனுங்க, கொல்லனுங்க. 'இங்கயே கிட, குதிரையப் பாத்துக்கோ, ஓடினா தலை இருக்காது'ன்னு உக்கார வச்சிருக்காங்க. காவலுக்கு வந்த சிப்பாய்ங்களும் திரும்பிப் போகல. ரெண்டு கூட்டமும் இங்கயே கலந்து குடும்பமாயிருச்சு. உங்க எல்லாரோட வேரும் அதுதான்."

கபிதோலினா மேசையின்மேல் இருந்த சிறிய காட்டைப் பார்த்தாள். "மங்கோலியன் வராம இருந்திருந்தா, அந்தத் தச்சனுங்க?"

மங்கை இயந்திரத்தின் பார்வையைத் தெற்கே நகர்த்தினாள். எரியாத ஊர்கள் வெளிச்சத்தில் எழுந்தன. அகலமான தெருக்கள், வெள்ளைத் தேவாலயங்கள், தச்சர் வீதி, சந்தை. மங்கோலியர் தயவில் பெரிதான மாஸ்கோ இருக்க வேண்டிய இடத்தில் மரவேலி போட்ட ஒரு சின்ன ஊர்தான் இருந்தது.

"அவங்க அவங்க ஊர்லயே இருந்திருப்பாங்க. பிள்ளைகுட்டியோட."

"நல்லா இருந்திருப்பாங்களா?"

"நல்லா இருந்திருப்பாங்கம்மா."

"நாங்க?"

இந்த வேலையில் மங்கை எத்தனையோ ஊர்களைப் பார்த்திருக்கிறாள். ஆனால் இந்தக் கேள்வியை முகத்துக்கு நேரே யாரும் கேட்டதில்லை. "நீங்க இல்லம்மா. இங்க யாருமே இல்ல" என்றாள்.

கபிதோலினா மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். எரியாத ஊரையும் பார்த்தாள், தன்னுடைய காட்டையும் பார்த்தாள். எந்தப் பக்கம் நின்று வருத்தப்படுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. மங்கைக்கும் தெரியவில்லை.

"அம்மா, ஒரு வார்த்த சொல்லுங்க போதும்" என்றாள் மங்கை மெதுவாக. "ரெண்டு தங்கக் கோபுரம், ஒரு கோட்டை, நான் கையாலயே வரைஞ்சு வெளிச்சத்துல சேத்துருதேன். நாளைக்கு அந்தஸ்து குடுக்க வர்ற அதிகாரிக்கு வித்தியாசம் தெரியாது. ரயில் நிக்கும்."

இதுவரை ஒரு கணக்கில்கூடப் பொய் சேர்க்காதவள் அவள். சொல்லி முடித்தபின் காது மடல் சூடேறியது. ஆனால் திரும்பப் பெறவில்லை.

கபிதோலினாவுக்கு ஆசை இல்லாமல் இல்லை. கூடத்தை ஒரு சுற்று நடந்தாள். பிறகு வந்து மங்கையின் தலையில் கை வைத்தாள்.

"வேணாம் பொண்ணே. அந்தத் தச்சனுக்கு ஊர் போச்சு, சொந்தம் போச்சு. கால்ல சங்கிலியோட வந்து, அப்படியும் இங்க ஒரு வீட்டக் கட்டினான். நாளைக்கு ஒரு ரயிலுக்காக அவன அழிச்சிட்டு, அந்த இடத்துல நான் ஒரு பொய்க் கோட்டைய நட்டு வைக்கணுமா? என்னால ஆகாது. காட்டையே காட்டு. ஊர் பாக்கட்டும்."

"ரயில்?"

கபிதோலினா சன்னல் வழியாகத் தண்டவாளத்தைப் பார்த்தாள். ஏதோ யோசனை வந்தவள்போல முகம் மாறியது. "ஆமா, உன் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகும்?"

"ஊர் எல்லை வரைக்கும் பரப்பலாம்."

"எங்க ஊர் எல்லை தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போகுது. முழுசாப் போடு. குறை வைக்காத" என்று சொல்லிவிட்டு, சூப் தீய்கிறது என்று கிளம்பிப் போனாள். அடுப்பில் அப்போது சூப்பே இல்லை என்பது மங்கைக்கு அப்புறம்தான் உறைத்தது.

மறுநாள் சதுக்கத்தில் ஈ புக இடமில்லை. மேடையில் புராதன நகரக் குழுவின் அதிகாரி ரொதியோன் பாவ்லவிச் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். மண் சாலை அவருடைய இடுப்பை ஒரு வழி பண்ணியிருந்தது, முகத்தில் அது தெரிந்தது. நடுவில் கான் புது மீசையோடு கம்பீரமாக நின்றான். வீட்டுக்கு வீடு சமைத்த பண்டங்கள் நீள மேசைகளில் ஆவி பறந்துகொண்டிருந்தன.

மங்கை இயந்திரத்தை முடுக்கினாள்.

கோட்டையைப் பார்க்கக் கழுத்தை நீட்டியவர்களின் கண்ணெதிரே ஊர்மன்றம் மறைந்தது. தேவாலயம் மறைந்தது. வீடுகள், தெருக்கள், மணிக்கூண்டு எல்லாம் ஒவ்வொன்றாகப் போய், அவை இருந்த இடத்தில் பிர்ச் மரங்கள் வெள்ளை வெளேரென்று எழுந்தன. பூக்கடைக்காரி தன் கடையைத் தேடிக் கையை நீட்டித் துழாவினாள். ஒருவர் தன் வீட்டு வாசற்படியில்தான் நிற்கிறோம் என்று காலால் தடவி உறுதி செய்துகொண்டார். சனங்கள் மட்டும் மரங்களுக்கு நடுவே மிஞ்சினார்கள்.

கபிதோலினா மேடையில் ஏறினாள். ஒலிபெருக்கி அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை. ஒளித்து மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். எரிந்த ஊர் நம்முடையது அல்ல, நம் தச்சர்களுடையது என்றாள். அவர்களைச் சங்கிலியில் கட்டி இழுத்து வந்தவன் இதோ நிற்கிறான் என்று கானைக் காட்டினாள். இந்த ஊரை உண்டாக்கியவனும் இவனேதான் என்றாள். கருகின உத்தரத்தின் கதையைச் சொன்னபோது முன் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரிப்பு மெல்லப் பின்வரிசைவரை போயிற்று.

ரொதியோன் பாவ்லவிச் சிரிக்கவில்லை. "அப்படின்னா விஷயம் முடிஞ்சுது" என்று எழுந்தார். "மங்கோலியர் வர்றதுக்கு முன்னாடி இங்க ஊர் இல்ல. நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அந்தஸ்தும் இல்ல, ரயிலும் இல்ல. நான் கிளம்பறேன்."

கூட்டத்தின் முகத்தில் ஈயாடவில்லை. மங்கை கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். கபிதோலினா ஒருத்தி மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு எதற்கோ காத்திருந்தாள். ரயில் ஓட்டியவர்களுக்கு மற்றவர்களுக்கு முன்பே தண்டவாளத்தின் முனகல் கேட்டுவிடும்.

வெள்ளை ரயில் வழக்கம்போல வந்தது. ஆனால் அதன் கண்ணுக்கு அன்றைக்கு வெகு தூரத்திலேயே தண்டவாளத்தின்மேல் அடர்ந்த காடு தெரிந்தது. ஒரு பசுமாடு குறுக்கே வந்தாலே பதமாக நின்றுவிடும் சமர்த்து ரயில் அது. முழுக் காட்டைப் பார்த்தால் என்ன செய்யும்? வேகத்தைக் குறைத்து, குறைத்து, ஒரு தேநீர்க் கோப்பைகூடத் தளும்பாமல் காட்டின் விளிம்பில் இருந்த கோன்ஸ்கின் பழைய நடைமேடையில் வந்து நின்றது. நின்ற ரயிலுக்கு ஒரு பழக்கம் உண்டு. பக்கத்தில் மின்தூண் இருந்தால் கையை நீட்டிக் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொள்ளும். பழைய தூண் ஒன்று துருப்பிடித்து அங்கேயே நின்றிருந்தது. கதவுகள் திறந்துகொண்டன.

பயணிகள் தயங்கித் தயங்கி இறங்கினார்கள். காட்டுக்குள் நடந்து வந்தவர்கள், மரங்களுக்கிடையே ஒரு ஊரே மேசை போட்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாயைப் பிளந்தார்கள்.

அதன்பின் நடந்ததை மங்கை ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். யாரும் யாருக்கும் உத்தரவு போடவில்லை. பூக்கடைக்காரி முதலில் எழுந்தாள், அப்புறம் எல்லாரும் எழுந்தார்கள். யார் நீ, எங்கே போகிறாய் என்று ஒருவரையும் கேட்கவில்லை. கைக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு கரண்டி. சூப் ஊற்றினார்கள். மிர்காசிம் தன்னுடைய மூன்று மூலை இறைச்சி ரொட்டிகளைக் கூடையோடு தூக்கிக்கொண்டு ஓடினார். அழுத குழந்தையை யாரோ வாங்கிச் சமாதானப்படுத்தினார்கள். கால் வலி என்ற பெரியவருக்கு நாற்காலி வந்தது. மாணவர்கள் சிலர் வெளிச்ச மரங்களுக்குள் புகுந்து புகுந்து ஓடினார்கள். முழு அளவில் அந்தக் கரடி வந்து நின்றபோது ஒரு பெண்மணி அலறி, பிறகு அதன் வயிற்றுக்குள்ளேயே நடந்துபோய் அந்தப் பக்கம் வந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"இவங்களுக்கு இது எப்படி வருது?" என்று மங்கை மிர்காசிமைக் கேட்டாள்.

"இதுக்குன்னே பொறந்த ஊரும்மா இது. வந்து நிக்கறவனுக்குச் சோறு போட்டு, வண்டிய மாத்தி அனுப்பறது. இவ்வளவு நாளா வந்து நிக்க ஆளுதான் இல்ல" என்றார் அவர்.

கிளம்ப எழுந்த ரொதியோன் பாவ்லவிச்சின் கையிலும் ஒரு தட்டு திணிக்கப்பட்டிருந்தது. கோபமாகத்தான் சாப்பிட ஆரம்பித்தார். இரண்டாவது ரொட்டியில் கோபம் குறைந்தது. மூன்றாவதை அவராகவே கேட்டு வாங்கினார்.

"கானை என்ன பண்றது?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. "எரிக்கணுமா, வேணாமா?"

சதுக்கம் இரண்டுபட்டது. பெற்றவனை எரிப்பதா என்றார்கள் சிலர். சங்கிலி போட்டவனை விடுவதா என்றார்கள் மற்றவர்கள். பயணிகளும் தங்கள் பங்குக்கு ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தார்கள். கபிதோலினா ஒரு கிண்ணத்தில் சூப் எடுத்துக்கொண்டு கானின் முன்னால் போய் நின்று, அண்ணாந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எரிக்கத்தான் எரிக்கணும். எங்க தச்சன் அழுத அழுகைக்கு அது ஒண்ணுதான் எங்களால முடிஞ்சது" என்றாள். "ஆனா வீடு தேடி வந்தவன சாப்பிடாம அனுப்பற பழக்கம் நமக்கில்ல. முதல்ல அவனுக்குச் சோத்தப் போடு. அப்புறம் தீய வை."

அப்படியே செய்தார்கள். கானை மேசையின் தலைப்பக்கம் உட்கார வைத்து, சூப்பும் ரொட்டியும் பரிமாறி, ஊரே அவன் பெயரைச் சொல்லிக் கோப்பை உயர்த்தியது. மீசையில் சூப் ஒட்டியிருந்தது. பிறகு முன்னெச்சரிக்கையாகத் தண்ணீர் வாளிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மரியாதையாகக் கொளுத்தினார்கள். பயணிகள் ரயிலேறும்போது கை நிறையப் பொட்டலங்கள். மங்கை வெளிச்சத்தை அணைத்தாள். காடு கலைந்தது, தண்டவாளம் தெரிந்தது, ரயில் போயிற்று.

மறுநாள் காலை மங்கை ஊருக்குக் கிளம்பினாள். இயந்திரம் பெட்டிக்குள் போய்ப் பூட்டப்பட்டாயிற்று. ஜங்ஷனுக்குக் கொண்டுபோக மிர்காசிம் பழைய நடைமேடையோரம் ரொட்டி வண்டியைத் தயாராக வைத்திருந்தார். இடுப்பு வலியால் பயணத்தைத் தள்ளிப்போட்டிருந்த ரொதியோன் பாவ்லவிச்சும் அதே வண்டியில் வருவதாக இருந்தது. வழியனுப்ப வந்த கபிதோலினா தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க மங்கைக்குத் தாங்கவில்லை.

"ஒரு நாளாச்சும் நின்னுச்சேம்மா" என்றாள்.

"ஆமா. ஒரு நாள்" என்றாள் கபிதோலினா.

அப்போது தூரத்தில் வெள்ளை ரயில் தெரிந்தது. பறந்து வந்துகொண்டிருந்த அது வேகத்தைக் குறைத்தது. மங்கை சட்டென்று பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளியில் வெள்ளை ரயில் மெல்ல ஊர்ந்து வந்து, பழைய நடைமேடையில் நின்று, மின்தூணை நோக்கிக் கையை நீட்டியது. கதவுகள் திறந்தன.

ரொதியோன் பாவ்லவிச் பதறிப்போய் யாருக்கோ போன் போட்டார். காதில் வைத்துக் கேட்கக் கேட்க அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "யாரும் நிக்கச் சொல்லலயாம்" என்றார் கடைசியில். "ரயில் தானாவே கத்துக்கிச்சாம். நேத்து இங்க ஆளுங்க இறங்கியிருக்காங்க, ஏறியிருக்காங்க, அதுக்கும் மின்சாரம் கிடைச்சிருக்கு. அதனால இது நிலையம்னு அதுவா முடிவு பண்ணிக்கிச்சு. மறக்க வைக்கப் பாத்தாங்களாம். மறக்க மாட்டேங்குதாம்."

"குதிரையும் இப்படித்தான்யா" என்று மிர்காசிம் துள்ளிக் குதித்தார். "ஒரு தடவ ஒரு இடத்துல புல்லத் தின்னுடுச்சுன்னா, அடுத்த தடவ அங்க வந்து தானா நிக்கும். சாட்டையால அடிச்சாலும் நகராது!"

"திருத்தச் சொல்லிடறேன்" என்றார் ரொதியோன் பாவ்லவிச். சொன்னவர், தம்முடைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு அந்த ரயிலிலேயே ஏறி, ஜன்னல் ஓரமாக வசதியாக உட்கார்ந்துகொண்டார். மண் சாலையை நினைத்திருப்பார்.

வண்டியிலிருந்த ரொட்டிக் கூடைகளோடு மிர்காசிம் நடைமேடைக்கு ஓடினார். ஊருக்குள் யாரோ மணிக்கூண்டு மணியை அடிக்கத் தொடங்கினார்கள்.

கபிதோலினா யாரையும் பார்க்கவில்லை. நடைமேடையின் முனைவரை நேராக நடந்தாள். ஓட்டுநர் இல்லாத அந்த ரயிலை, தன்னை வீட்டுக்கு அனுப்பிய அந்த ரயிலை, அவள் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கிட்டத்தில் நின்று பார்த்ததில்லை. அதன் வெள்ளை மூக்கு இன்னும் சூடாக இருந்தது. அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"வந்துட்டியா" என்றாள்.